ஒருதரம் இரட்சிக்கப்பட்டா போதுமா, இல்ல கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா?

லயத்து_வாசகன் (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க செல் குரூப்ல (வீட்டு வேத வாசிப்புக் குழு) வேதத்துல எபிரெயர் 6ஆம் அதிகாரம் எடுத்தோம், அன்னைக்கு ஆரம்பிச்ச வாக்குவாதம் இன்னும் வாட்ஸ்அப்ல முடியல, அதான் இங்க கொண்டு வரேன். எங்க குரூப் ஒரே சபை ஆளுங்க இல்ல. தோட்டம் கைமாறினப்ப லயத்து வீட்ட விட்டு வந்தவங்க எல்லாம் ஒரே தாமான்ல (குடியிருப்புப் பகுதி) வந்து சேர்ந்தோம், அதனால மெதடிஸ்ட், ஏஜி (அசெம்பிளீஸ் ஆஃப் காட்), சகோதர சபை, லுத்தரன்னு கலந்துதான் உக்காருவோம்.

பிரச்சன இதுதான். "ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும், பரம ஈவை ருசிபார்த்தும், பரிசுத்த ஆவியைப் பெற்றும்" மறுதலித்துப்போனவங்கள மறுபடி மனந்திரும்ப வைக்க முடியாதுன்னு அங்க எழுதியிருக்கு. ஆவியைப் பெற்றவன் இரட்சிக்கப்பட்டவன் இல்லாம வேற யாரு? ஆனா யோவான் 10:28ல ஆண்டவரே "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை"ன்னு சொல்றாரு. ரெண்டும் ஒரே வேதம். ஒன்ன வச்சு இன்னொன்ன அடிச்சுப் போடுறது எனக்குப் பிடிக்கல.

நான் நினைக்கிறத முதல்லயே சொல்லிடுறேன். இந்தக் கேள்விய ரெண்டு விதமான ஆளுங்க கேக்குறாங்க. ஒருத்தன் ராத்திரி தூக்கம் வராம பயந்து கேக்குறவன், இன்னொருத்தன் செய்யிறத செஞ்சுட்டு துணிஞ்சு கேக்குறவன். பயந்தவனுக்குக் குடுக்க வேண்டிய வசனத்த துணிஞ்சவனுக்குக் குடுத்தா அவன் கெட்டுப்போவான், துணிஞ்சவனுக்குக் குடுக்க வேண்டியத பயந்தவன் தலையில போட்டா அவன் நொறுங்கிப்போவான். நம்ம ஊருப் பக்கம் ரெண்டாவதுதான் அதிகம் நடக்குது.

கர்த்தரின்_ஆடு (ஈப்போ, சகோதர சபை):

அண்ணே, நல்லா ஆரம்பிச்சிருக்கீங்க, ஆனா "ஆளப் பாத்து வசனம்"னு போனா உபதேசம்னே ஒன்னு இல்லாமப் போயிடும். ரோமர் 8:30 பாருங்க. முன்குறித்தாரோ அவர்களை அழைத்துமிருக்கிறார், அழைத்தாரோ அவர்களை நீதிமான்களாக்கியுமிருக்கிறார், நீதிமான்களாக்கினாரோ அவர்களை மகிமைப்படுத்தியுமிருக்கிறார். நடுவுல எவனாவது கழண்டு விழுந்தான்னு பவுல் எழுதலையே, ஆரம்பத்துல எத்தன பேரோ முடிவுலயும் அத்தன பேரு. எபேசியர் 1ல ஆவியால முத்திரை, அவரே அச்சாரம்னு இருக்கு. தேவன் போட்ட முத்திரைய நான் போய் பிச்சிட முடியுமா? என் கைய நம்பி நான் பரலோகம் போகல, அவரு கைய நம்பிப் போறேன்.

விலகிப் போனவங்களுக்கு 1 யோவான் 2:19 போதும். "நம்முடையவர்களாயிருந்தார்களானால் நம்முடனே நிலைத்திருப்பார்களே."

எழுப்புதல்_தம்பி (கோலகங்சார்):

ப்ரைஸ் த லார்ட். மன்னிக்கணும் பிரதர், இந்த உபதேசம் தரையில என்ன செய்யுதுன்னு நான் கண்ணால பாக்குறேன். எங்க வரிசையில ஒரு அங்கிள் இருக்காரு, ஆத்துல இறங்கி ஞானஸ்நானம் எடுத்தவரு, இப்ப சம்பளம் வந்தா நேரா சம்சு (சாராயம்) கடை, வீட்டுக்கு வந்து ஆன்ட்டிய அடி. நான் போய் பேசினா அவரு சொல்ற பதிலு "நான் எப்பவோ இரட்சிக்கப்பட்டவன் தம்பி, என்ன யாரும் பறிக்க முடியாது". அந்த வசனத்த அவருக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க இல்ல?

ரோமர் 8 எழுதின அதே பவுல் 11:22ல என்ன எழுதுறாரு? "நிலைத்திருப்பாயானால் உனக்குத் தயவு கிடைக்கும்; நிலைத்திராவிட்டால் நீயும் வெட்டுண்டுபோவாய்." யோவான் 15ல ஆண்டவர் தன்ன திராட்சச்செடின்னு சொல்றப்ப, "என்னில்" இருந்த கொடியத்தான் வெளிய எறியிறாங்க, வேற எங்கயோ கிடந்த கொடிய இல்ல. தேமா பவுலோட கூடவே ஊழியம் செஞ்சவன், கொலோசெயர்ல லூக்கா பேரோட அவன் பேரும் வருது, கடைசியில "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" விட்டுட்டுப் போயிட்டான். அவன் ஆரம்பத்துலயே பொய்யாளின்னு பவுல் எங்கயும் எழுதல.

யாரும் ஆட்ட பறிக்க முடியாது, ஒத்துக்குறேன். ஆடு தானா எழுந்து போகக் கூடாதுன்னு அந்த வசனத்துல எங்க இருக்கு?

கர்த்தரின்_ஆடு:

தம்பி, "ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை"ன்னு இருக்கே, அதுல தானா எழுந்து போறதும் சேர்ந்ததுதான். தானா போய் கெட்டுப்போனாலும் கெட்டுப்போனதுதானே.

அந்த சம்சு அங்கிள் விஷயத்துல உங்களுக்கு வர்ற கோவம் எனக்கும் வருது. ஆனா அவருக்கு நான் "நீங்க இரட்சிப்ப இழந்துட்டீங்க"ன்னு சொல்ல மாட்டேன், "உங்களுக்கு அது இருந்துச்சான்னே எனக்கு சந்தேகம்"னு சொல்லுவேன். உங்கள விட நான் கடுமையாத்தான் பேசுறேன்.

ஓய்வு_ஆசிரியர் (தெலுக் இந்தான்):

பிள்ளைங்களா, நான் மெதடிஸ்ட், முப்பாட்டன் காலத்துல இருந்து. கொஞ்சம் சரித்திரம் சொல்லவா, ஏன்னா இங்க சண்டை போடுற ரெண்டு பேருமே நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஹாலந்துல நடந்த சண்டையத்தான் தமிழ்ல போட்டுக்கிட்டு இருக்கீங்க.

ஆர்மீனியஸ்னு சொன்னா "இரட்சிப்ப இழக்கலாம்னு சொன்னவரு"ன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. தேவன் முன்குறிச்சவன் கெட்டுப்போக மாட்டான்னு போதிச்சவரு கால்வின், ஜெனீவாவுல அவருக்கு அடுத்து வந்த பேசாகிட்ட படிச்சவரு ஆர்மீனியஸ், ஆம்ஸ்டர்டாம்ல போதகரா இருந்து 1603ல லைடன் பல்கலைக்கழகத்துக்கு பேராசிரியரா போனவரு, 1609ல இறந்துட்டாரு. மெய்யான விசுவாசி முழுசா விழுந்துபோவான்னு அவரு உறுதியா போதிக்கல, அப்படித் தோணுற வசனங்கள் இருக்கு, இன்னும் ஆராயணும்னுதான் சொன்னாரு. அவரு மறைஞ்ச பிறகு 1610ல அவரு பக்கத்து ஆளுங்க எழுதின அஞ்சு குறிப்புல கடைசிக் குறிப்பும் இந்தக் கேள்விய முடிவு பண்ணாம வேதத்த வச்சு இன்னும் பாக்கணும்னு விட்டுச்சு. பிறகுதான் இழக்கலாம்னு திட்டமா சொன்னாங்க. இந்தச் சண்டைய முடிக்கத்தான் டோர்ட்ரெக்ட் நகரத்துல 1618 நவம்பர்ல இருந்து 1619 மே வரைக்கும் சங்கம் கூடுச்சு, அங்க ஆர்மீனியஸ் பக்கம் தோத்துச்சு, போதகருங்க பல பேரு வேலைய இழந்தாங்க, நாட்ட விட்டே போனாங்க.

மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச நம்ம வெஸ்லி வந்தது இதுக்கெல்லாம் ரொம்பப் பின்னால. யாரு இரட்சிக்கப்படணும்னு தேவன் முன்னாடியே தீர்மானிச்சுட்டாருங்கிற முன்குறித்தலுக்கு எதிரா 1739ல பிரிஸ்டல்ல பிரசங்கம் பண்ணி அச்சுலயும் போட்டாரு, ரொம்ப சூடான பிரசங்கம், அவரோட நெருங்கின சிநேகிதன் ஒயிட்ஃபீல்டு 1740 கடைசியில அதுக்கு பதில் கடிதம் எழுதினாரு. ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க, பிறகு மனசு ஒப்புரவாச்சு, உபதேசம் கடைசி வரைக்கும் மாறல. 1770ல ஒயிட்ஃபீல்டு அமெரிக்காவுல இறந்தப்ப லண்டன்ல நினைவுப் பிரசங்கம் பண்ணது வெஸ்லிதான். அவரோட எதிராளி பரலோகத்துல இருக்காருன்னு வெஸ்லிக்கு சந்தேகமே இல்ல. நம்ம குரூப்ல ஒருத்தர ஒருத்தர் "கள்ள உபதேசம்"னு எழுதுறதுக்கு முன்னாடி இத நினைச்சுப் பாக்கணும்.

சுய சித்தம்னு நாங்க சொல்றதயும் தப்பா எடுத்துக்கக் கூடாது. மனுஷன் தன் பலத்துல ஆண்டவர்கிட்ட வர முடியும்னு வெஸ்லி சொல்லவே இல்ல. பாவத்துல செத்தவனுக்கு முதல்ல கிருபை முந்தி வந்து கண்ணத் திறக்குது, அந்தக் கிருபை எல்லாருக்கும் வருது, அதுக்குப் பிறகுதான் சரின்னோ இல்லன்னோ சொல்ல அவனுக்கு சக்தியே வருது. அது இல்லாம தானா வரலாம்னு சொன்ன பெலாகியஸோட கொள்கைய 418லயே கார்த்தேஜ் சங்கம் தள்ளிடுச்சு, அத எந்தப் பக்கமும் ஏத்துக்கல.

செராய்_கத்தோலிக்கன் (பாகான் செராய்):

சார், நல்ல விளக்கம். எங்க பக்கமும் இதே சண்டை உண்டு. டொமினிக்கன் சபை பான்யேஸ் ஒரு பக்கம், இயேசு சபை மோலினா ஒரு பக்கம், கிருபைக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள தொடர்பப் பத்தி ரோம்லயே 1597ல இருந்து பத்து வருஷம் விசாரணை ஓடுச்சு. 1607ல பாப்பரசர் ஐந்தாம் பவுல் என்ன பண்ணாரு தெரியுமா, எந்தப் பக்கத்தயும் கண்டனம் பண்ணாம, ஒருத்தர ஒருத்தர் பதிதர்னு (கள்ள உபதேசக்காரர்னு) சொல்லக் கூடாதுன்னு முடிச்சு வச்சாரு.

எங்க சபையோட திரிதெந்தின் சங்கம் 1547ல சொன்னது, கடவுள் தனியா வெளிப்படுத்தினா தவிர "நான் கடைசி வரைக்கும் நிலைப்பேன், இது உறுதி"ன்னு ஒருத்தன் தன்னப் பத்தி அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா கடவுளோட உதவியில உறுதியான நம்பிக்கை வைக்கணும். எங்க பாட்டி செபமாலை முடிச்சதும் நல்ல மரணத்துக்காக தினமும் வேண்டுவாங்க, அது பயத்துல இல்ல. கேட்டா கிடைக்கும்னு தெரிஞ்சு கேட்டாங்க.

பக்கத்து_வீடு:

நான் கிறிஸ்தவன் இல்ல, வைணவக் குடும்பம், என் மச்சான் குடும்பம் உங்க ஆளுங்க, அதனால படிக்கிறேன். தப்பா நினைக்கலன்னா ஒன்னு சொல்றேன். இதே வாக்குவாதம் நம்ம தமிழ் மண்ணுல ரொம்ப காலமா இருக்கு. எங்க வைணவத்துல ரெண்டு பிரிவு. தென்கலை, பூனைக்குட்டி மாதிரின்னு சொல்லும், தாய்ப்பூனை வாயில கவ்விக்கிட்டுப் போகும், குட்டி ஒன்னும் செய்ய வேண்டியதில்ல. வடகலை குரங்குக்குட்டி மாதிரின்னு சொல்லும், தாய்தான் தூக்கிக்கிட்டுப் போகுது ஆனா குட்டி வயித்தப் பிடிச்சுக்கணும். தென்கலைப் பிள்ளை லோகாசாரியாரையும் வடகலை வேதாந்த தேசிகரையும் படிச்சவங்க ஒருத்தருக்கும் இது புதுசு இல்ல.

கர்த்தரின்_ஆடு:

ஐயா வந்தது சந்தோஷம். உங்க கணக்குல நான் பூனை, தம்பி குரங்கு. எங்களுக்கு ஒரு வித்தியாசம் இருக்கு. எங்கள அவரு பிடிச்சிருக்காருன்னு நாங்க நம்புறதுக்கு ஆதாரம் சிலுவையில நடந்த ஒரு சம்பவம், பொந்தியு பிலாத்து காலத்துல நடந்தது. அத எடுத்துட்டா எங்க ரெண்டு பக்கமும் வெறும் தத்துவம்தான்.

கிந்தா_அக்கா:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க. நான் ஒரு விஷயம் கேக்கணும், இது எங்க வீட்டுல இப்ப நடக்குறது.

எங்கப்பா தோட்டத்துல பால் மரம் வெட்டினவரு, பிறகு மண்டோர், வேலைய மேற்பார்வை பாக்குறவரு. எஸ்டேட் கோயில்ல பாஸ்டர் வராத வாரம் எல்லாம் அவருதான் வேதம் வாசிச்சு ஜெபிப்பாரு, கீர்த்தனை எத்தன சரணம் இருந்தாலும் புத்தகம் பாக்க மாட்டாரு. இப்ப அவருக்கு மறதி நோய். விடிய நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குறது) நேரமாச்சுன்னு கதவத் தட்டுவாரு. சாப்பாட்டு மேசைக் காலுல கரண்டிய வச்சு சாய்வா ஒரே கோடா இழுத்துக்கிட்டே இருப்பாரு, மரம் வெட்டுற அதே இழுவை, கை மட்டும் மறக்கல.

போன மாசம் பாஸ்டர் திருவிருந்து குடுக்க வீட்டுக்கு வந்தாரு. "ஐயா, இயேசப்பாவ நினைச்சுக்குங்க"ன்னு சொன்னாரு. எங்கப்பா அவர ஏற இறங்கப் பாத்துட்டு "அப்படி ஒரு ஆளு நம்ம டிவிசன்ல இல்ல"ன்னு சொல்லிட்டாரு. அப்பத்த வாங்கல. கூட வந்திருந்த ஒரு உறவுக்காரங்க, பேர் வேணாம், வாசல்ல செருப்புப் போடும்போது என் காதுபட "நாம் அவரை மறுதலித்தால் அவரும் நம்மை மறுதலிப்பார்"னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னைல இருந்து எனக்கு சோறு இறங்கல. கால்வின், வெஸ்லி எல்லாம் இருக்கட்டும். எங்கப்பா கதி என்ன, யாராச்சும் சொல்லுங்க.

எழுப்புதல்_தம்பி:

அக்கா, அழாதீங்க. நான் இழக்கலாம்னு போதிக்கிறவன், அதனால நானே முதல்ல சொல்றேன். எபிரெயர் 10:26 "மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்"னு சொல்லுது. அப்பா மனப்பூர்வமா ஒன்னும் செய்யல. நோய் பேசுது. எங்க சபை உபதேசத்துல விலகிப் போறதுன்னா தெரிஞ்சு, வேணும்னு, தொடர்ந்து ஆண்டவரத் தள்ளுறது. மூளை நரம்பு கெட்டு பேர மறந்தத மறுதலிப்புன்னு சொல்றவங்க வசனத்த எடுத்து உங்கள அடிச்சிருக்காங்க.

கர்த்தரின்_ஆடு:

ஆமென் அக்கா. 2 தீமோத்தேயு 2:12 சொன்னவங்க அடுத்த வசனம் ஏன் சொல்லல? "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார், அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்." அப்பா ஆண்டவர மறந்திருக்கலாம், ஆண்டவர் அப்பாவ மறக்கல.

தம்பி, உங்ககிட்ட ஒன்னு, அன்பாத்தான் கேக்குறேன். அக்காவோட அப்பாவுக்கு இப்ப பிடிச்சுக்கிற சித்தமே இல்ல. அப்படியும் அவரு பாதுகாப்பா இருக்காருன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப அவர இந்த நிமிஷம் பிடிச்சிருக்கிறது யாரு?

எழுப்புதல்_தம்பி:

ஆண்டவர்தான், அதுல என்ன சந்தேகம். நான் ஆண்டவர் பிடிக்கலன்னு எங்க சொன்னேன்? சித்தம் இருக்குற வரைக்கும் அவரு நம்ம சித்தத்த மதிக்கிறாரு, சித்தம் நோயால போயிட்டா நாம தெளிவா இருந்தப்ப ஒப்புக்குடுத்தத அவரு காத்துக்குறாரு. "நான் அவரிடத்தில் ஒப்புக்கொடுத்ததை அவர் அந்நாள்வரைக்கும் காத்துக்கொள்ள வல்லவராயிருக்கிறார்"னு பவுல் எழுதினாரே. அதுக்காக தெளிவா இருக்குற சம்சு அங்கிளுக்கும் அதே உறுதிய குடுத்துட முடியாது பிரதர்.

லயத்து_வாசகன்:

அக்கா, உங்கப்பாகிட்ட ஞாயிறு பள்ளி படிச்சவங்க எங்க தாமான்லயே இருக்காங்க. உங்களுக்காக ஜெபிக்கிறோம்.

இந்த ரெண்டு பேரும் இப்ப எங்க வந்து நிக்கிறாங்கன்னு எல்லாரும் கவனிக்கணும். ஒரே ஆளு விஷயத்துல ரெண்டு உபதேசமும் ஒரே பதில் குடுத்துச்சு. சண்டை தத்துவத்துல இருக்குறப்ப மலை மாதிரி தெரியுது, படுக்கை பக்கத்துல போய் நின்னா ரெண்டு பேரும் "அவர் உண்மையுள்ளவர்"னு ஒரே வார்த்தை சொல்றாங்க.

ஆனா வித்தியாசமே இல்லன்னு சொல்லி பூசி மெழுகவும் எனக்கு மனசு இல்ல. ரெண்டு பக்கத்துலயும் பயத்துக்கு ஒரு ஓட்டை இருக்கு, இடம்தான் வேற. தம்பி பக்கம் இருக்கிறவன் "நாளைக்கு நான் இழந்துடுவேனோ"ன்னு பயப்படுவான். பிரதர் பக்கம் இருக்கிறவன், விலகிப் போனவன் எல்லாம் ஆரம்பத்துலயே உண்மையான விசுவாசி இல்லன்னா, "அப்ப நான் உண்மையான விசுவாசியா"ன்னு பயப்படுவான்.

வில்லியம் கூப்பர்னு ஒரு இங்கிலீஷ் கவிஞர், 18ஆம் நூற்றாண்டு. ஒரு காலத்துல அடிமைக் கப்பல் தலைவரா இருந்த ஜான் நியூட்டனோட சேர்ந்து ஞானப்பாட்டு எழுதினவரு, கால்வின் பக்கம்தான். தெரிந்துகொள்ளப்பட்டவன் கெட்டுப்போக மாட்டான்னு நம்பினாரு. ஆனா மனநோய் வந்து, 1773ல ஒரு கனவுக்குப் பிறகு தான் மட்டும் தள்ளப்பட்டவன்னு முடிவு பண்ணிட்டாரு. 1800ல சாகுற வரைக்கும் அந்த எண்ணம் பெருசா மாறல. பாதுகாப்பு உபதேசம் கையில இருந்துச்சு, பாதுகாப்பு உணர்வு இல்ல. நியூட்டன் அவர கைவிடல, அவரு தள்ளப்பட்டவர்னும் ஒத்துக்கல, கூப்பர் இறந்தப்ப நினைவுப் பிரசங்கமும் பண்ணாரு. கூப்பர் தன்னப் பத்தி சொன்னத விட நியூட்டன் கூப்பரப் பத்தி நம்பினத நான் நம்புறேன். சபைன்னா அதுதான் வேலை, ஒருத்தனுக்கு நம்ப முடியாம போறப்ப அவனுக்காக நாம நம்புறது. அக்காவோட அப்பாவுக்கு அந்த உறவுக்காரங்க செஞ்சிருக்க வேண்டியது அதுதான்.

ஓய்வு_ஆசிரியர்:

சரியாச் சொன்னப்பா. டோர்ட்ரெக்ட் சங்கத்து எழுத்த வாசிச்சவங்க கம்மி, அதுலயே ஐந்தாம் தலைப்புல தாவீது, பேதுரு மாதிரி விசுவாசிங்க பெரிய பாவத்துல விழலாம், கொஞ்ச காலம் கிருபையோட உணர்வயே இழக்கலாம்னு இருக்கு. அதே தலைப்புல, தேவன் தம்முடைய ஆளுங்கள காக்குறது வசனத்தக் கேக்குறது, புத்திமதி, எச்சரிப்பு, வாக்குத்தத்தம், திருவிருந்து இதுங்க மூலமாத்தான்னும் எழுதியிருக்கு. அதாவது எச்சரிப்பு வசனமே காக்குற கருவி. நான் அந்தப் பக்கம் இல்ல, ஆனா அத வாசிச்சப்ப இந்த ஒரு இடத்துல வெஸ்லி கை குடுத்திருப்பாருன்னு தோணுச்சு.

புது_விசுவாசி (சுங்கை சிப்புட்):

ஒரு சந்தேகம். முன்குறித்தல்னா நம்ம ஊருல தலையெழுத்துன்னு சொல்றதுதானே? எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க, எல்லாம் அவன் எழுதினபடின்னு.

லயத்து_வாசகன்:

இல்ல தம்பி, இத விடவே கூடாது, நம்ம ஆளுங்கள இது நிறைய கெடுத்திருக்கு. தோட்டத்துல சம்பளம் பத்தலன்னா தலையெழுத்து, வீடு காலி பண்ணச் சொன்னா தலையெழுத்து, பிள்ளை படிப்ப நிறுத்தினா தலையெழுத்து. பழைய காலத்துல கங்காணிக்கும் துரைக்கும் இது ரொம்ப வசதியா இருந்துச்சு, எவனும் கேள்வி கேக்க மாட்டான். இப்ப சில பேரு அதே பழச எடுத்து "தேவ சித்தம்"னு பேரு மாத்தி வச்சிருக்காங்க.

ரோமர் 8ல பவுல் முன்குறித்தலப் பத்தி யாருக்கு எழுதுறாரு பாரு. உபத்திரவம், பசி, நிர்வாணம், பட்டயம்னு கீழயே வருது, அந்தக் கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு எழுதுறாரு. அந்தக் கஷ்டம்தான் உங்க எழுத்துன்னு அவரு சொல்லல. குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாகத்தான் முன்குறிச்சாரு, அத எந்தக் கஷ்டமும் தடுக்க முடியாதுன்னு சொல்றாரு. தலையெழுத்து ஆள உக்கார வைக்கும். பவுல் சொல்றது எழுப்பி நிறுத்தும். ஏன் எனக்கு இப்படின்னு கேக்குற கேள்விக்கு அது பதிலே இல்ல.

கர்த்தரின்_ஆடு:

இதுக்கு நூறு ஆமென். முன்குறித்தல நம்புறவன் நான், நானே சொல்றேன், அது விதி இல்ல. விதிக்கு முகம் கிடையாது.

கிந்தா_அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அப்பா பக்கத்துல உக்காந்து 2 தீமோத்தேயு 2:13ஐ, அந்த "அவர் உண்மையுள்ளவர்" வசனத்த, சத்தமா வாசிச்சேன், அவருக்குப் புரிஞ்சுச்சான்னு தெரியாது, ஆனா எனக்கு வேணும். அந்த உறவுக்காரங்க கேட்டா இனிமே நான் பதில் சொல்லுவேன். தம்பி, அந்த சம்சு வீட்டு ஆன்ட்டிய யாராச்சும் பாத்துக்குறாங்களா? வசனம் அங்கிளுக்கு சொல்றது ஒரு பக்கம், அவங்க போய் தங்க ஒரு இடம் வேணும். நம்பர் தனியா அனுப்புங்க.

எழுப்புதல்_தம்பி:

அனுப்பிட்டேன் அக்கா. எங்க லேடீஸ் ரெண்டு பேரு நேத்துப் போய் பாத்தாங்க, மக வீட்டுக்கு அழைச்சுட்டுப் போக சம்மதிச்சிருக்காங்க.

லயத்து_வாசகன்:

நல்லது. இந்தப் புதன்கிழமை எபிரெயர் 6ஐ 8ஆம் வசனத்தோட நிறுத்தாம 9 வரைக்கும் வாசிக்கப் போறேன். "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்திலுண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்"னு அவரே எழுதுறாரு. அவ்வளவு கடுமையா எச்சரிச்ச ஆளு அடுத்த மூச்சுல இப்படிப் பேசுறாரு.

எழுப்புதல்_தம்பி:

அண்ணே, அப்ப 12 வரைக்கும் வாசிங்க. "நீங்கள் அசதியாயிராமல்"னு அங்க இருக்கு, நம்பியிருக்கிறோம்னு சொல்லிட்டும் அவரு அத விடல.

கர்த்தரின்_ஆடு:

12ல நிறுத்தினா எப்படி தம்பி, 17ல தேவன் ஆணையிட்டது வருது, 19ல நங்கூரம் வருது. அதிகாரம் முழுசும் வாசிங்க அண்ணே, நானும் ஈப்போவுல இருந்து மோட்டர்ல வரேன்.